மூலிகைத் தீவனத்துக்கு ஒரு அளவு சொல்லுங்கள்: மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும், பேராசிரியர்களுக்கும், மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

தஞ்சை மாவட்டத்தில் கட்லா, ரோகு, மிர்கால் கெண்டைகளை வளர்க்கும் ஒரு விவசாயி எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான். பூண்டு, மஞ்சள், கீழாநெல்லி, வேப்பிலை, துளசி, கரிசலாங்கண்ணி என்று மீன் தீவனத்தில் நாங்கள் கலந்துகொண்டிருக்கும் மூலிகைகளில் எதை, எவ்வளவு, எத்தனை நாள் கொடுக்கலாம் என்பதை எங்கள் குளங்களிலேயே சோதித்துப் பாருங்கள். அதைத் தமிழில், உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டு வெளியிடுங்கள். எது பலன் தரவில்லை என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

இது நான் ஒருவன் கேட்கிற கேள்வி இல்லை. எங்கள் பக்கத்தில் பண்ணைக்குட்டை வெட்டி மீன் விட்டிருப்பவர்களில் மூலிகை கலக்காதவர்கள் குறைவு. மார்கழி, தை மாதங்களில் குளிர் ஏறியதும் மீன் உடம்பில் சிவப்புப் புள்ளி வரும், செதில் கொட்டும், சில சமயம் வயிறு ஊதும். தீனி எடுக்காமல் கரையோரம் வந்து நிற்கும். அப்போது பக்கத்துக் குளத்துக்காரர் ஒன்று சொல்வார், வாட்ஸ்அப்பில் ஒன்று வரும், யூடியூபில் ஒருவர் வேறொன்று சொல்வார். ஒருவர் கிலோ தீவனத்துக்கு ஒரு கைப்பிடி மஞ்சள் என்கிறார். இன்னொருவர் பூண்டை அரைத்து ஒரு கிலோ அப்படியே போடு என்கிறார். வேப்பிலையைக் கொத்தாகக் கட்டித் தண்ணீரில் போடச் சொல்பவரும் உண்டு, அரைத்துத் தவிட்டோடு பிசையச் சொல்பவரும் உண்டு. எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் யார் சொல்வதிலும் எடை இல்லை, மீனின் வயது இல்லை, நாள் கணக்கு இல்லை.

நானும் கலக்கிறேன். ஒரு குளிர்காலத்தில் பூண்டும் மஞ்சளும் சேர்த்துக் கொடுத்தபோது மீன் நன்றாகத் தீனி எடுத்தது, புள்ளியும் குறைந்தது. அதே சமயத்தில் குளத்துக்குச் சுண்ணாம்பும் போட்டிருந்தேன், கொஞ்சம் புதுத் தண்ணீரும் விட்டிருந்தேன். புள்ளி குறைந்தது பூண்டினாலா, சுண்ணாம்பினாலா, தண்ணீரினாலா என்று விவசாயி ஒருவனால் பிரித்துச் சொல்லவே முடியாது. பக்கத்துப் பக்கத்தில் ஒரே அளவில் குளங்களை வைத்து, ஒன்றில் கலந்து ஒன்றில் கலக்காமல் பார்க்கும் வசதி உங்களிடம்தான் இருக்கிறது.

மூலிகைப் பக்கம் நாங்கள் ஏன் போகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழமை மேல் உள்ள பிடிப்பு மட்டும் காரணம் இல்லை. மீன் சாகத் தொடங்கினால் கடையில் முதலில் கையில் வருவது ஆன்டிபயாடிக் பொடிதான். என்ன நோய் என்று பார்க்காமலே கொடுக்கிறார்கள், நாங்களும் வாங்குகிறோம். தீவனத்தில் கலந்து போட்டால் மீன் தின்பது பாதி, தண்ணீரில் கரைவது பாதி. நோய்வாய்ப்பட்ட மீன் முதலில் தீனியைத்தான் விடும். ஆக மருந்து தேவைப்படும் மீனுக்குக் குறைவாகவும், நன்றாக இருக்கும் மீனுக்கு அதிகமாகவும் போகிறது. மீதி சேற்றில் இறங்கி, அங்கே இருக்கிற பாக்டீரியாக்களை அந்த மருந்துக்குப் பழக்குகிறது. அந்தக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வடிகிறது. அதே வாய்க்காலில் மாடு குடிக்கிறது, பிள்ளைகள் குளிக்கிறார்கள். கெண்டையில் சிவப்புப் புள்ளியையும் வயிறு வீக்கத்தையும் உண்டாக்கும் ஏரோமோனாஸ் மனிதருக்கும் வயிற்றுப்போக்கையும் புண்ணில் சீழையும் உண்டாக்கக்கூடிய கிருமி என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது மருந்துக்கு அடங்காமல் போனால் இழப்பு மீன்காரனோடு நிற்காது.

ஐரோப்பிய ஒன்றியம் கால்நடைத் தீவனத்தில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை 2006 ஜனவரி முதல் நாளோடு நிறுத்தியது. இங்கே 2019-ல் மத்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் மீனுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் கொடுப்பதைத் தடை செய்தது. போகும் திசை தெளிவாகத் தெரிகிறது. ஆனால் "இதைக் கொடுக்காதே" என்று சொல்லும் சட்டம் மட்டும் வந்து, "இதற்குப் பதில் இதைச் செய்" என்று சொல்லும் தாள் வராவிட்டால், மார்கழியில் மீன் மிதக்கும்போது விவசாயி என்ன செய்வான்? கடைக்காரர் கொடுப்பதை வாங்குவான். இன்று நடப்பது அதுதான்.

மூலிகையில் உண்மையிலேயே பலன் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு, பதில் நம் மாநிலத்துக் கல்லூரிகளிலேயே இருக்கிறது. துளசி இலைச் சாறு ஜிலேபி மீனின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிறது என்று மதுரை ஆய்வாளர்கள் 2000-லேயே எழுதினார்கள். அதே மதுரைக் குழுவினர் சீந்தில், தூதுவளை, கரிசலாங்கண்ணி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். 2007-ல் வெளிவந்த கரிசலாங்கண்ணி ஆய்வில் இலைச் சாற்றைத் தீவனம் வழியாகவே கொடுத்து, ஏரோமோனாஸ் கிருமியை மீன் கூடுதலாகத் தாங்குவதைக் காட்டினார்கள். மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி ஆய்வாளர்கள் 2008-ல், அருகம்புல் சாறு கலந்த தீவனம் கருவண்டு இறாலை வெள்ளைப்புள்ளி வைரஸிலிருந்து காப்பதாக எழுதினார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் நாயுருவி விதையை ரோகுவுக்கும் கட்லாவுக்கும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். புவனேஸ்வரில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் ரோகு குஞ்சுகளுக்குக் கிலோ தீவனத்தில் 1 கிராம், 5 கிராம், 10 கிராம் என்று பூண்டு கொடுத்துச் சோதித்தது. இவை எல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் வந்தவை.

இந்த மூலிகைகள் செய்யும் வேலையை நான் புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன். மீனுக்கும் கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) உண்டு. ஆனால் அவை உருவாக நாளாகும், தண்ணீர் குளிர்ந்தால் இன்னும் தாமதமாகும். அதுவரை மீன் நம்பி இருப்பது பிறவியிலேயே உள்ள பாதுகாப்பை: தோலின் வழவழப்பு, அதில் உள்ள லைசோசைம் என்கிற நொதி, கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்கள். மூலிகை இந்த முதல் வரிசையைத்தான் முடுக்கி விடுகிறது. அதனால் நோய் வந்த பிறகு கொடுப்பதைவிட, வருவதற்கு ஓரிரு வாரம் முன்பே கொடுப்பதில்தான் பலன் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. இந்த ஒரு சேதி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தாலே போதும். நாங்கள் இன்னமும் புள்ளி தெரிந்த பிறகுதான் பூண்டு உரிக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையிலேயே தொடங்க வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இன்னொரு சேதியும் வரவில்லை. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பொருளை விடாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது மங்கிவிடும், சில சமயம் எதிர்த்திசையிலும் போகும். சில நாள் கொடுத்து, சில நாள் நிறுத்தி, மறுபடி கொடுக்க வேண்டும். அளவும் அப்படித்தான், கூடக்கூடப் பலன் கூடும் என்பது இல்லை. பூண்டு நல்லது என்றதும் ஆண்டு முழுக்கக் கைநிறையப் போடும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். அவர்கள் செய்வது பலனா வீணா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, ஆய்வுகள்தான் இருக்கின்றனவே, படித்து அப்படியே செய்ய வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். படிக்க முடிந்த விவசாயிக்கும் அது கைக்கு உதவாது. ஆய்வகத்தில் கண்ணாடித் தொட்டி, ஒரே அளவு மீன், சுத்தமான தண்ணீர். அங்கே கொடுப்பது பெரும்பாலும் இலையின் சாறு, அதுவும் எத்தனால் போன்ற கரைப்பானில் பிரித்தெடுத்த சாறு. சில ஆய்வுகளில் அதை ஊசியாகவே மீனுக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு ஏக்கர் குளத்தில் ஓடும் கட்லாவுக்கு யார் ஊசி போடுவது? தீவனத்தில் ஒரு சதவீதம் சாறு என்று கட்டுரை சொன்னால், நம் ஆள் அதை ஒரு சதவீதம் இலைப்பொடி என்று எடுத்துக்கொள்வார். பத்துக் கிராம் சாறு எடுக்க நூறு கிராம் காய்ந்த இலை பிடிக்குமென்றால், பொடியாகப் போடுபவர் பத்தில் ஒரு பங்கைத்தான் போடுகிறார். பச்சை இலையாகப் போட்டால் இன்னும் குறைவு, பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். பச்சையா, நிழலில் காய்ந்ததா, வெயிலில் காய்ந்ததா, சாறா என்று சொல்லாத அளவு, அளவே இல்லை.

அப்புறம் தீவனத்தின் சங்கதி. எங்களில் பாதிப்பேர் இன்னும் கடலைப் பிண்ணாக்கும் எண்ணெய் நீக்கிய தவிடும் பிசைந்து, ஓட்டை போட்ட சாக்கில் கட்டித் தொங்க விடுகிறோம். மீதிப்பேர் மிதக்கும் தீவனம் வாங்குகிறார்கள். சாக்கில் மூலிகைப் பொடியைக் கலந்தால் மீன் வாய்க்குப் போவதற்கு முன்பே பாதி கரைந்து ஓடிவிடும். மிதக்கும் குருணையின் மேல் பொடியைத் தூவினால் ஒட்டாது. அரிசிக் கஞ்சி, முட்டை வெள்ளைக்கரு, மீன் எண்ணெய் என்று எதையாவது பூசி நிழலில் காய வைக்க வேண்டும். எது நன்றாக ஒட்டும், எத்தனை நிமிடம் தண்ணீரில் தாங்கும் என்று ஒரு எளிய சோதனை போதும், அதை உங்கள் முதலாண்டு மாணவரே செய்துவிடுவார். ஆலையில் தீவனம் தயாரிக்கும்போதே கலந்துவிடலாமே என்றால், அங்கே நீராவியும் நூறு டிகிரியை ஒட்டிய சூடும் இருக்கிறது. பூண்டை நசுக்கியதும் உண்டாகும் அல்லிசின் சூட்டில் நிற்காது. மஞ்சளில் உள்ள குர்குமின் குடலில் சுலபமாக உறிஞ்சப்படுவதில்லை, கொஞ்சம் எண்ணெயோடு கொடுத்தால் நல்லது என்கிறார்கள். மீனுக்கும் அப்படியா, எவ்வளவு எண்ணெய் என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.

செலவு பெரிதாக வராது என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். குளத்தில் ஆயிரம் கிலோ மீன் இருந்தால், எடையில் இரண்டு சதவீதம் என்று நாளைக்கு 20 கிலோ தீவனம். கிலோவுக்கு 5 கிராம் பூண்டுப்பொடி என்றால் நாளைக்கு 100 கிராம். பத்து நாளைக்கு ஒரு கிலோ. சிறு விவசாயி தாங்கக்கூடிய செலவுதான், பலன் உறுதி என்றால்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம் ஒன்று இருக்கிறது. "மூலிகைதானே, கெடுதல் ஒன்றும் இல்லை" என்ற பேச்சு எங்கள் மத்தியில் மிக வேகமாகப் பரவியிருக்கிறது. மீன் வளர்ப்பவர்கள் இப்படிப் பேசக் கூடாது. இலுப்பைப் பிண்ணாக்கை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? குஞ்சு விடுவதற்கு முன், குளத்தில் இருக்கும் களை மீன்களையும் வேட்டை மீன்களையும் கொல்வதற்கு. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் குளத்துக்கு 2,500 கிலோ என்பது உங்கள் துறையே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அளவு. அதில் உள்ள சபோனின் என்கிற பொருள் மீனின் சிவப்பணுக்களை உடைக்கிறது. இரண்டு, மூன்று வாரம் பொறுத்து, நஞ்சு தணிந்த பிறகுதான் குஞ்சு விடுகிறோம். இறால் பண்ணைகளில் தேயிலை விதைப் பிண்ணாக்கைப் போடுவதும் அதற்குத்தான்: இறால் பிழைக்கும், மீன் சாகும். இலுப்பையும் தேயிலையும் செடி கொடிதானே? சபோனின் இன்னும் எத்தனையோ மூலிகைகளில் சிறிதும் பெரிதுமாக இருக்கிறது. வேம்பு புழுவுக்கு மட்டும் நஞ்சு, மீனுக்கு அமுதம் என்று நினைப்பதும் சரியில்லை, அளவு மிஞ்சினால் வேப்பெண்ணெயும் வேப்பஞ்சாறும் மீனைக் கொல்லும். பப்பாளி விதையைக் கொடுத்து ஜிலேபி மீனின் இனப்பெருக்கத்தைக் குறைக்க முடியுமா என்று வெளிநாடுகளில் ஆய்வே நடந்திருக்கிறது. அப்படியென்றால் தாய்மீன் வைத்திருப்பவர் எதையெல்லாம் தொடக் கூடாது? இதற்கு ஒரு பட்டியல் வேண்டாமா?

டானின் என்கிற துவர்ப்புப் பொருள் அதிகமுள்ள இலைகள் புரதத்தைச் செரிக்க விடாமல் செய்து வளர்ச்சியைக் குறைக்கும். ஈரம் முழுவதும் போகாமல் மூட்டை கட்டிய இலைப்பொடியில் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்கிற பூஞ்சை நஞ்சு ஏறும். கடலைப் பிண்ணாக்கிலேயே இந்தத் தொல்லை எங்களுக்குப் போதுமான அளவு இருக்கிறது, மூலிகை வழியாகவும் அது வர வேண்டாம். கீழாநெல்லி என்று வாங்கும் மூட்டையில் அதே போலத் தோற்றமுள்ள வேறு செடிகளும் கலந்தே வருகின்றன. வேலியில் பறிப்பவருக்கே அடையாளம் தப்பும்போது, காய்ந்து பொடியான பிறகு யார் கண்டுபிடிப்பது?

அடுத்து, கடையில் விற்கும் பாட்டில்கள். எங்கள் பகுதியில் ஒரு கடையில் "மூலிகை டானிக்" என்று ஒன்று வாங்கினேன். பாட்டிலில் அழகான இலைப் படம் இருந்தது. உள்ளே என்ன மூலிகை, எவ்வளவு, எந்த மீனுக்கு, எத்தனை நாள், பிடிப்பதற்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்ற எந்த விவரமும் இல்லை. "இயற்கை மூலிகைகளின் கலவை" என்பதோடு சரி. கேட்டால், எல்லாரும் வாங்குகிறார்கள் என்றார் கடைக்காரர். இப்படிப்பட்ட பாட்டிலுக்குள் ஆன்டிபயாடிக் கலந்திருந்தால் அதை நான் எப்படித் தெரிந்துகொள்வேன்? ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று மூலிகைக்கு வந்தவன், விலை கூடக் கொடுத்து அதையே வாங்கிப் போகும் நிலை வரக்கூடாது.

இறால் பண்ணைக்காரர்களுக்கு இதில் ஓரளவு காவல் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் சென்னையில் இருக்கிறது. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் என்கிற ஆன்டிபயாடிக்குகள் தொடங்கி 20 பொருள்களைத் தடைப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆன்டிபயாடிக் இல்லாத இடுபொருள் என்று பதிவுச் சான்றும் கொடுக்கிறது. ஏற்றுமதிக்குப் போகும் சரக்கு என்பதால் வெளிநாட்டுக்காரரும் கண்காணிக்கிறார்: 2016-ல் ஐரோப்பிய ஒன்றியம் நம் வளர்ப்பு இறால் சரக்கில் பத்து சதவீதத்துக்குப் பதில் ஐம்பது சதவீதத்தைச் சோதிக்கத் தொடங்கியது. ஆனால் அந்த ஆணையத்தின் எல்லை கடலோர உவர்நீர்ப் பண்ணைகளோடு முடிகிறது. ஒரத்தநாட்டுப் பக்கம் நன்னீரில் வளரும் கெண்டை அதற்குள் வராது. அந்தக் கெண்டை கப்பலும் ஏறாது, பட்டுக்கோட்டைச் சந்தைக்கும் கும்பகோணம் சந்தைக்கும் போகிறது. அதைத் தின்பது நம் வீட்டுப் பிள்ளைகள். அமெரிக்காக்காரர் தின்னும் இறாலுக்கு இருக்கிற கவனம் நம் ஊர் மீன் குழம்புக்கும் வேண்டும் என்று கேட்பது அதிகமா?

மீன்வளத் துறையிடம் எனது கோரிக்கை இதில்தான். நன்னீர் மீன் வளர்ப்புக்கு விற்கும் ஒவ்வொரு மூலிகைப் பொருளும், உள்ளே இருப்பதைப் பெயரும் எடையுமாகத் தமிழில் அச்சிட வேண்டும் என்று உத்தரவு போடுங்கள். கடைகளில் மாதிரி எடுத்து ஆன்டிபயாடிக், பூஞ்சை நஞ்சு, ஈயம், காட்மியம் இருக்கிறதா என்று பாருங்கள். முடிவை உங்கள் அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். அப்படி ஒரு முடிவு ஒட்டப்பட்டால் மறுநாளே ஊரெல்லாம் தெரிந்துவிடும், விளம்பரம் தேவையில்லை.

மூலிகை மருத்துவத்தை இப்படி ஒழுங்காகச் செய்ய முடியுமா என்ற சந்தேகம் யாருக்கும் வேண்டாம். எங்கள் தஞ்சாவூரிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தஞ்சை மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மாடுகளுக்கான மரபு மூலிகை மருத்துவத்தை எடுத்து முறைப்படுத்தினார். மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்து, தண்ணீர் சேர்த்து, ஒரு நாளில் இத்தனை தடவை, இத்தனை நாள் தடவு என்று எழுதிக் கொடுத்தார்கள். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் அதை எடுத்து நாடு முழுக்கப் பால் சங்கங்களில் பரப்பியது. இன்று எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத அக்காகூட அந்த மூன்று எடையையும் மனப்பாடமாகச் சொல்கிறார். மாட்டுக்கு முடிந்தது மீனுக்கு ஏன் முடியவில்லை? மீனைத் தனித்தனியாகப் பிடித்துத் தடவ முடியாது, குளம் முழுவதற்கும் சேர்த்துத்தான் வைத்தியம் என்பதால் வேலை கடினம் என்பது எனக்கும் தெரிகிறது. அதனால்தான் இதை விவசாயிகள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ள முடியாது, பல்கலைக்கழகம் வேண்டும்.

மீனிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1988-ல் இந்தியாவுக்குள் வந்த புண் நோய் விராலையும் கெண்டையையும் வாட்டியபோது, புவனேஸ்வர் நிலையம் சிஃபாக்ஸ் என்ற மருந்தைக் கொண்டுவந்தது. அது மூலிகை இல்லை, தண்ணீரில் விடும் மருந்து. ஆனால் ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேருக்கு ஒரு லிட்டர் என்று ஒரே வரியில் அளவு சொன்னார்கள். எங்களுக்கு வேண்டியது அப்படி ஒரு வரி.

நாகப்பட்டினத்தில் 2012-ல் இந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, டெல்டாவுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது என்று எங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. தூத்துக்குடிக் கல்லூரியோ 1977 முதல் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் முதுநிலை மாணவர்களும் முனைவர் பட்ட மாணவர்களும் மூலிகைத் தீவனம் பற்றி எழுதிய ஆய்வேடுகள் உங்கள் நூலகத்தில் இருக்கின்றன. அவை ஆங்கிலத்தில் இருக்கின்றன, அலமாரியில் இருக்கின்றன. புதிதாக எதையும் கண்டுபிடிப்பதற்கு முன், ஏற்கெனவே கண்டுபிடித்ததை எடுத்து ஒவ்வொன்றுக்கும் தமிழில் அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். எந்தச் செடி, எந்தப் பகுதி, எந்த மீன், எத்தனை கிராம், எத்தனை நாள், என்ன ஆயிற்று. மாணவர்களே மகிழ்ச்சியோடு எழுதுவார்கள், தங்கள் உழைப்பு குளத்துக்குப் போய்ச் சேர்வதை எந்த மாணவர் வேண்டாம் என்பார்?

அதன் பிறகு குளத்துச் சோதனை. பூண்டு, மஞ்சள், கரிசலாங்கண்ணி, கீழாநெல்லி என்று நான்கைந்தோடு தொடங்கினால் போதும், எல்லாமே எங்கள் ஊரில் கிடைப்பவை. தூரத்து மலையிலிருந்து வர வேண்டிய மூலிகையைப் பரிந்துரைத்தால் அது விலை ஏறும், காட்டிலிருந்து வேரோடு பிடுங்கப்படும். ஒரு மூலிகைக்கு ஒரு குளம் மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள், குளத்துக்குக் குளம் தண்ணீர் வேறுபடும். கலந்ததும் கலக்காததுமாகச் சில குளங்கள் வேண்டும். வளர்ச்சியை மட்டும் அளக்காமல் குளிர்காலத்தில் எத்தனை மீன் பிழைத்தது என்பதைப் பாருங்கள், விவசாயிக்கு அதுதான் கணக்கு. மூலிகை வாசம் மீன் கறியில் ஏறுகிறதா என்று சமைத்தும் பாருங்கள், சந்தையில் ஒரு பெண்மணி முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் எங்கள் ஆண்டே போய்விடும். பலன் இல்லை என்று முடிவு வந்தால் எங்களுக்கு வருத்தம் இருக்காது. வீண் செலவு மிச்சம்.

தாளில் தவறாமல் எழுத வேண்டிய இன்னொன்று: மூலிகை, மோசமான தண்ணீருக்கு மாற்று இல்லை. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் தேவை ஆக்சிஜன், பூண்டு இல்லை. ஏக்கருக்கு அளவு மீறிக் குஞ்சு விட்டு, மிஞ்சிய தீவனம் அடியில் அழுகி அம்மோனியா ஏறிய குளத்தில் எந்த இலையும் வேலை செய்யாது. இதை நான் சொன்னால் பக்கத்துக் குளத்துக்காரர் கேட்கமாட்டார். நீங்கள் சொன்னால் கேட்பார்.

எங்கள் பகுதியில் சிலர் கூடிப் பேசியிருக்கிறோம். பக்கத்துப் பக்கத்தில் உள்ள எங்கள் குட்டைகளை ஒரு பருவத்துக்குச் சோதனைக்குத் தருகிறோம். தீவனச் செலவும் காவலும் எங்களுடையது. தினமும் போட்ட தீவனம், செத்த மீன், தண்ணீர் நிறம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைக்கிறோம். மூலிகையை எடை போட்டுக் கொடுக்கவும், மாதம் ஒருமுறை வலை போட்டு மீனைப் பார்த்து இரத்தம் எடுத்துச் சோதிக்கவும் உங்கள் ஆட்கள் வந்தால் போதும். மேட்டூர்த் தண்ணீர் வந்து குட்டை நிறைந்ததும் குஞ்சு விடுவோம். ஐப்பசியில் மூலிகை தொடங்கினால்தான் மார்கழிக்குப் பலன் தெரியும். ஆகவே ஆடி மாதத்துக்குள் உங்கள் பதில் வேண்டும். சூரக்கோட்டையில் உள்ள உங்கள் மையத்தில் கூப்பிட்டுப் பேசினாலும் சரி, எங்கள் குளத்தங்கரைக்கு வந்தாலும் சரி.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
தஞ்சை மாவட்டத்து மீன் வளர்ப்பு விவசாயி ஒருவர்